அப்பாவின் வயிற்றுக்குப் பப்பாளிப் பால்

பயோகெமிஸ்ட்ரி படித்தவர்களைச் சமையலறைக்குள் விடக் கூடாது. பரீட்சை ஹாலில் விடலாம், லேபில் விடலாம், வேறு வழியில்லை என்றால் சட்டசபையில்கூட விடலாம். சமையலறை மட்டும் வேண்டாம். ஒரு முழு பிரியாணிக்கான ஆட்டுக்கறியை ஒரே காலைப் பொழுதில் இந்த உலகத்தை விட்டே அனுப்பி வைத்த சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். (போலீஸ் கேஸ் ஆகவில்லை. கறி கிடைத்தால்தானே கேஸ் போட முடியும்?)

அப்பாவுக்கு பெங்களூரில் ஒரு பட்டுச்சேலை மொத்தக் கடையில் சேல்ஸ்மேன் வேலை. ஆரணிச் சேலையை ஆரணிக்காரரே பிரித்துக் காட்டினால் வாங்க வருகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கையாம். அதனால் நானும் அம்மாவும் ஆரணியில், அப்பா அங்கே. கடைக்கு ஞாயிறு லீவு. சனிக்கிழமை கடை சாத்தியதும் பஸ் ஏறி, ஞாயிறு விடியும்போது வீட்டுக்கு வருவார். அன்றைக்கே மூன்று மணி வேலூர் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து மாறி பெங்களூர் போனால்தான் திங்கட்கிழமை காலை கடையில் நிற்க முடியும். ஆக, எனக்கு வாய்த்தது அரை நாள் அப்பா. அதுவும் எல்லா வாரமும் கிடையாது.

ஆனால் நான் ஸ்கூலில் படித்த காலத்தில் இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையின் பெயர் மட்டன்.

அப்பா வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறிக்குழம்பு. அவர் நல்லி எலும்பைத் தட்டில் தட்டுகிற சத்தத்துக்குத் தெருநாய்கள் வாசலில் வந்து வரிசை கட்டும். சாப்பிட்டு முடித்ததும், "அஞ்சே நிமிஷம், முதுக சாய்ச்சிக்கறேன்" என்று ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே படுப்பார். அவ்வளவுதான், ஆள் காலி. அம்மா எழுப்ப மாட்டாள். நானும் எழுப்ப மாட்டேன். டிவி சத்தத்தை மொத்தமாகக் குறைத்துவிட்டு, அவர் வயிற்றின் மேல் தலை வைத்துப் படுத்துக்கொள்வேன். உள்ளே குழம்பு இன்னும் கொதித்துக்கொண்டிருப்பதுபோல் குடுகுடுவென்று சத்தம் கேட்கும். மூன்று மணி பஸ் போய்விடும். சாயங்காலம் எழுந்து, "அய்யய்யோ, பஸ்ஸு போயிடுச்சே! ஏன்டி, ஒருத்தியாவது எழுப்பக் கூடாதா?" என்று தலையில் கை வைப்பார். (நடிப்பு படு மோசம். அந்தக் கை தலைக்குப் போகிற வழியிலேயே பஜ்ஜித் தட்டை எடுத்துவிடும்.) அன்றைக்கு ராத்திரி அப்பா வீட்டில். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போவதாகத்தான் பேச்சு. நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போதும் அவர் செருப்பு வாசலிலேயே கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டே ஷூ லேஸ் கட்டுவேன். லேட்டாகக் கட்டுவேன். அவிழ்த்து மறுபடியும் கட்டுவேன்.

நான் காலேஜில் சேர்ந்த பிறகு அப்பாவின் வயிறு கெட்டுப்போனது. "கறி செரிக்க மாட்டேங்குதுமா" என்றார். ரசம் சோறு, கொஞ்சம் மோர், எழுந்து கை கழுவல். படுப்பதே இல்லை. பேன்ட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், வேறு யார் வீட்டுக்கோ வந்தவர் மாதிரி. மூன்று மணி பஸ் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகத் திங்கட்கிழமை அப்பாவை நான் பார்க்கவே இல்லை.

வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கும். நான் சிலபஸைத் திறந்தேன்.

அந்த வருஷம் எங்களுக்கு என்சைம் பாடம். (ஸ்கூல் புத்தகத்தில் 'நொதி' என்று இருக்கும். அப்போது எனக்கும் புரியவில்லை, கவலைப்படாதீர்கள்.) என்சைம் என்பது ஒரு கத்திரிக்கோல். நாம் சாப்பிடுகிற எதையும் உடம்பு முழுசாக எடுத்துக்கொள்ளாது, பொடிப்பொடியாக நறுக்கிக் கொடுக்க வேண்டும். நறுக்குகிற வேலைக்கு வயிற்றிலும் குடலிலும் ஆட்கள் இருக்கிறார்கள். அதே வேலை தெரிந்த ஆட்கள் செடி கொடிகளிலும் இருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். பப்பாளிக்காயைக் கீறினால் வடிகிற பாலில் பாப்பெய்ன். அன்னாசியில் ப்ரோமலைன். இஞ்சியில் ஒன்று, அத்திக்காய்ப் பாலில் ஒன்று. எல்லாமே புரதத்தை நறுக்குகிற ஜாதி. அன்னாசி நிறையத் தின்றால் நாக்கு எரிகிறதே, ஏன்? நாம் அதைச் சாப்பிடும்போது அதுவும் நம்மைக் கொஞ்சம் சாப்பிட்டுப் பார்க்கிறது.

உடனே பெங்களூருக்கு போன்.

"அப்பா, சாப்ட்டதும் பப்பாளி சாப்புடு. கறி செரிக்கும்."

"தினமும்தான் சாப்புடறேன். ரூமுக்குக் கீழயே வண்டிக்காரன் நிக்கறான்."

"பழமா? பழத்துல ஒன்னுமில்லப்பா. பழுக்கப் பழுக்க அந்தப் பாலு கொறஞ்சிடும். காய்லதான் மேட்டரே."

"காய எப்புடிமா துன்றது? ஆடா நானு?"

அப்பா ஆடு என்று சொன்னதும் எனக்குப் பொறி தட்டியது. செரிக்கிற வேலையில் பாதியை ஆட்டிடமே முடித்துவிட்டால்? பப்பாளிப் பாலில் ஊறிய கறி பஞ்சாக இருக்கும், அப்பா வயிற்றுக்கு வேலையே இருக்காது. சாப்பிடுவார். படுப்பார். தூங்குவார். பஸ் போகும். இந்த நாலு வரியை ஒரு வாரம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரிந்தேன், பரீட்சைக்குக்கூட எதையும் இப்படி மனப்பாடம் செய்ததில்லை.

இங்கேதான் ஆரணியில் பிறந்த ஒருத்தியால் மட்டுமே செய்ய முடிந்த தப்பைச் செய்தேன்.

என் காலேஜ் புராஜெக்ட்டே பப்பாளிப் பால்தான். ஆனால் கறிக்கு இல்லை, பட்டுக்கு. பட்டு நூல் கூட்டிலிருந்து வரும்போது மேலே ஒரு பசை இருக்கும். அதை எடுத்தால்தான் மெதுமெதுப்பும் பளபளப்பும் வரும், சாயமும் பிடிக்கும். எங்கள் ஊரில் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து அந்தப் பசையை எடுப்பார்கள். அதற்குப் பதிலாக வெதுவெதுப்பான தண்ணீரில் பப்பாளிப் பாலைக் கரைத்து நூலை முக்கி வைத்தால் போதும் என்பது என் புராஜெக்ட். சேகர் சித்தப்பாவின் சாயப்பட்டறையில்தான் செய்து பார்த்தேன். பிரமாதமாக வந்தது. மேடம் கை கொடுத்தார். சித்தப்பா மட்டும், "காலேஜுக்கு அனுப்பினா பப்பாளி கீறக் கத்துக்கினு வந்துகீதுபா, எங்க டாக்டரம்மா" என்று பட்டறை முழுக்க ஒலிபரப்பினார்.

பட்டும் புரதம். கறியும் புரதம். பட்டுக்கு எவ்வளவு பால், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். அந்த அளவை அப்படியே கறியின் எடைக்குப் பெருக்கினேன். பெருக்கல் சரி. அதை இன்றைக்கும் மார்பு தட்டிச் சொல்வேன். பட்டு என்பது பட்டுப்புழு தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளக் கட்டிய கோட்டை, ஆட்டுத்தொடை அப்படி எந்த ஏற்பாட்டோடும் பிறக்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

கணக்குப்படி பால் நிறையத் தேவைப்பட்டது. பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவின் பப்பாளி மரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்கின. அந்த வாரம் முழுக்க, அக்கா எழுந்திருப்பதற்கு முன்னால் மதில் மேல் ஏறி, பிளேடால் காய்களில் கோடு போட்டு, சொட்டுகிற பாலைக் கண்ணாடிக் கிண்ணத்தில் பிடித்தேன். வெள்ளிக்கிழமை குட்டு உடைந்தது.

"எவடி அவ? ஒரு காய் விடாம சவரம் பண்ணி வெச்சிருக்கறவ?"

"நான்தாங்கா. அப்பாவுக்கு வயிறு சரியில்ல, மருந்துக்கு."

"உங்கப்பாவுக்கு மருந்துன்னா ரெண்டு காய அறுத்துக்கினு போவியா, மரத்துக்கே ஆபரேஷன் பண்ணுவியா?"

அதற்குள் என் விரல் நுனியெல்லாம் தோல் உரிய ஆரம்பித்திருந்தது. (பப்பாளிப் பாலுக்கு ஆட்டுப் புரதம், ஆள் புரதம் என்கிற பேதம் கிடையாது.) அம்மா வீட்டில் சேலைகளுக்குக் குஞ்சம் கட்டுவாள். என் கையைப் பார்த்ததும், "அந்த சொரசொரக் கைய வெச்சிக்கினு சேலைங்க பக்கம் வந்துடாத, இழைய இழுத்துரும். தள்ளி ஒக்காரு" என்று என்னைத் நகம் நீட்டிய பூனை மாதிரி மூலைக்குத் தள்ளிவிட்டாள்.

"இம்மா பாடு எதுக்குடி? குக்கர் இருக்குது. நாலு விசில் சேத்து உட்டா வேகாதா?"

"வேகறது வேற, செரிக்கறது வேறம்மா. உனக்குப் புரியாது."

அம்மா நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வந்தாள். பிறகு குஞ்சத்துக்கு முடிச்சுப் போட ஆரம்பித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அப்பா வந்தார். பையைக்கூடக் கீழே வைக்க விடவில்லை நான். "இன்னிக்கு நீ கறி சாப்புடற. பிரியாணி. ஒன்னும் பண்ணாது, நான் கேரன்ட்டி" என்றேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தாள். "சரிமா, பாக்கலாம்" என்றார்.

முந்தைய நாளே பப்பாளிப் பாலில் பிசறி ஃபிரிட்ஜில் வைத்திருந்த கறியை எடுத்தேன். பார்க்க நல்லபடியாகத்தான் இருந்தது. குளிரில் என்சைம் சோம்பேறி, வெதுவெதுப்பில்தான் சுறுசுறுப்பு என்று படித்தவள் அல்லவா? பட்டறையில் பட்டு நூலுக்குச் செய்த மாதிரியே பாத்திரத்தை வெந்நீருக்குள் இறக்கி வைத்தேன். அதன் பிறகும் நேராகக் கொதிக்க விடவில்லை, கொதித்தால் என்சைம் செத்துவிடும் இல்லையா? அணைந்துவிடுமோ என்கிற அளவுக்கு அடுப்பைச் சிறியதாக எரியவிட்டு, அந்த என்சைம் ராட்சசனுக்குப் பிடித்த சூட்டிலேயே நெடுநேரம் தாலாட்டினேன். கறி வெந்ததா என்று ஒரு தடவை கிளறிப் பார்த்திருக்கலாம். எல்லாரும் உட்காரட்டும், அவர்களுக்கு முன்னால் மூடியைத் திறந்து அசத்தலாம் என்று நேராக அரிசியைப் போட்டு தம் போட்டேன். இது போதாதென்று அன்னாசியைப் பொடியாக நறுக்கி, கெட்டித் தயிரில் கலந்து பச்சடி. ஒரே சாப்பாட்டில் இரண்டு என்சைம். டபுள் ஆக்‌ஷன்.

மத்தியானம் சித்தப்பாவும் வந்து இலைக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். மூடியைத் திறந்தேன். வாசனை நன்றாகத்தான் வந்தது. சித்தப்பா கரண்டியை விட்டுத் துழாவினார். ஒரு எலும்பு வந்தது. வெள்ளை வெளேரென்று, சுண்ணாம்பு அடித்த மாதிரி. இன்னொரு எலும்பு. அதுவும் வெள்ளை. சோறு முழுக்கப் பழுப்பாக ஏதோ ஒரு கூழ் அப்பியிருந்தது.

"டாக்டரம்மா."

"இன்னா சித்தப்பா?"

"எலும்புங்க எல்லாம் வந்துட்டாங்க. கறி எங்க? பின்னாடி வண்டில வருதா?"

"நல்லா அடில பாருங்க."

"அடில பாத்துட்டேன்மா. ஆடு சட்டையக் கழட்டிப் போட்டுட்டு எங்கியோ குளிக்கப் போயிருக்குது."

அம்மா ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "அய்ய, கசக்குதுடி! பிரியாணியா இது? தறில பாவு நூலுக்குப் போடற கஞ்சி மாதிரி இருக்குது."

"பச்சடியத் தொட்டுக்கோம்மா, சரியாயிடும்" என்றேன். பச்சடியைப் பார்த்தால் தண்ணி தனியாக, திப்பி தனியாக நின்றது. சித்தப்பா ஒரு ஸ்பூன் வாயில் போட்டார். முகம் நாலாக மடிந்தது. அதுவும் கசப்பு. வேகவைக்காத அன்னாசி, பாலில் உள்ள புரதத்தை வெட்டும், வெட்டிய துண்டுகள் கசக்கும். இதை நான் ஐந்து மதிப்பெண்ணுக்குப் படம் போட்டு எழுதியிருக்கிறேன். முழு மார்க். வெட்டுவது எங்கள் வீட்டுத் தயிரையும்தான் என்று கேள்வித்தாளில் போட்டிருக்கவில்லை.

அப்பா மட்டும் ஒரு கவளம் உருட்டி வாயில் வைத்தார். மெல்லவில்லை. மெல்ல அங்கே ஒன்றுமில்லை. விழுங்கினார்.

"எப்பிடிண்ணே?" என்றார் சித்தப்பா.

"நல்லா செரிச்சிருக்குது" என்றார் அப்பா. "நாம துன்றதுக்கு முன்னாடியே."

சித்தப்பா சிரித்த சிரிப்பில் மல்லிகா அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்தாள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். நான் மட்டும் எழுந்தேன். பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே அம்மா புளியைக் கரைக்கிற சத்தம், தாளிக்கிற சத்தம், அப்பா ரசத்தை உறிஞ்சுகிற சத்தம் எல்லாம் வரிசையாகக் கேட்டன. அடுத்து நாற்காலி இழுபடும் என்று தெரியும். இழுபட்டது. இன்றைக்கும் தூங்கமாட்டார்.

வழக்கம்போல் ஸ்கூட்டியில் நான்தான் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். வேலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது, டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கறி போனா போவுது. அதுக்கு எதுக்கு மூஞ்சத் தூக்கிக்கினு இருக்கற?"

"கறிக்கு ஒன்னும் இல்ல." அழக் கூடாது என்று நினைத்தேன், குரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "நீ வயிறு ரொம்ப சாப்ட்டுத் தூங்கணும்னுதான் பண்ணேன். தூங்கினா பஸ்ஸு போயிடும்ல."

அப்பா பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

"என் வயித்துக்கு ஒன்னும் இல்ல, வினோ."

"இன்னாது?"

"நல்லாதான் கீது. கல்லப் போட்டாலும் கரைக்கும். முன்ன மாதிரி திங்கக்கெழம லேட்டாப் போவ முடியாதும்மா. மொதலாளி மாறிட்டாரு, அவரு புள்ள பாக்கறாரு இப்ப. காலைல கடை தொறக்கறப்ப நிக்கலன்னா வேற ஆள வெச்சிக்கறேன்னுட்டாரு. கறி துன்னா நான் படுத்துருவேன். படுத்தா எழுந்து போவ மனசு வராது. அதான் வயிறு சரியில்லன்னு..."

எனக்குக் கோபம் வந்த வேகத்தில் ஸ்கூட்டியே சாய்ந்தது. "ஒரு வருஷமா உன் வயித்தப் பத்திப் படிச்சிக்கினு இருக்கேன்பா நானு! மதிலு மேல ஏறினேன்! கைத்தோலு போச்சு!"

"பாஸாயிட்டல்ல?" என்றார்.

பஸ் உறுமியது. அப்பா என் உரிந்த விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "தேங்கா எண்ண தடவு" என்றார். ஏறிவிட்டார். சீட் கிடைக்கவில்லை போல, அந்தப் பக்கமாக நின்றுகொண்டே போனார். அவர் தலை மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "உனக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு ஏன்மா சொல்லல?"

"நீ ஆசையாப் படிச்சிக்கினு இருந்த. இன்னாத்துக்குக் கெடுக்கறதுன்னுதான்." குஞ்சத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். அம்மாவும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைக்காமல் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கறிக்குழம்பு வைக்கத் தெரிந்த கை, வேண்டுமென்றே ரசம் வைத்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பொருள் காணாமல் போனாலும் ஒரே கேள்விதான். டிவி ரிமோட்டைக் காணோமா? "வினோ ஊற வெச்சிட்டாளா பாரு." சித்தப்பா தலையில் முடி குறைகிறதா? "எங்க டாக்டரம்மா ஊற வெச்சதுதான்." மல்லிகா அக்கா வீட்டுச் சேவல் ஒரு நாள் வரவில்லை என்றதற்கு, அந்த அக்கா நேராக எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள்.

இதில் பெரிய கொடுமை, இப்போது எனக்குச் சோறு போடுவதே அந்தப் பப்பாளிப் பால்தான். சென்னைக்கு வெளியே செரிமானத் தூள் தயாரிக்கிற ஒரு கம்பெனி லேபில் வேலை. தூளில் என்சைம் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. இது நிஜமாக வேலை செய்யுமா என்று கேட்பவர்களிடம், கொஞ்சம் உதவும், மீதிக்கு உங்கள் வயிறு மனசு வைக்க வேண்டும் என்பேன். இரண்டு ஷிப்ட், எப்போதாவது ஒரு ஞாயிறு லீவு. என் ஞாயிறும் அப்பாவின் ஞாயிறும் ஒரே நாளில் வருவது அபூர்வம்.

போன மாதம் அப்படி ஒன்று வந்தது. அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு கறிக்குழம்பு. அப்பாவுக்கு மூன்று மணி பஸ். எனக்கு அதற்கும் முன்னாலேயே சென்னை பஸ்; ராத்திரி ஷிப்ட்டுக்குப் போயாக வேண்டும். அம்மா கரண்டியோடு குனிந்தாள். குழம்பு வாசனை, தலைக்கு மேலே ஃபேன், தரையில் ஜில்லென்று இடம். ஒரு துண்டு வாயில் வைத்தாலும் நான் அங்கேயே படுத்துவிடுவேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. இலையின் மேல் கையைக் குறுக்கே வைத்தேன்.

"வேணாம்மா. ரசம் ஊத்து. வயிறு சரியில்ல."

அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. அப்பா தன் ரசம் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"ஊற வெச்சித் தரட்டுமா?" என்றார்.